நாளைக்கு மாஸ்டர் தேதி தவறாமல் முடித்த கொல்லைப்புறம்

அந்தத் தெருவில் தையல்கடை எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. நாளைக்கு மாஸ்டர் வீடு எது என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். விட்டுவிட்டு, "துணி குடுத்திருக்கீங்களா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்றால் ஒரு பார்வை பார்ப்பார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் பார்க்கிற பார்வை.

மாஸ்டர் கெட்டவர் இல்லை. அவர் வெட்டினால் ஒரு நூல் பிசகாது. துணி நைந்து போனாலும் அவர் போட்ட தையல் பிரியாது. எப்போது கொடுப்பார் என்பதுதான் யாருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. "நாளைக்கு வாங்க" என்பார். அதைப் பொய் என்று சொல்லக் கூடாது. சொல்கிற நிமிஷத்தில் நாளைக்கு முடித்துவிடலாம் என்று மனசார நம்பித்தான் சொல்வார். முப்பது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார். அரைக்கால் சட்டைக்கு அளவு கொடுத்த ஒருவன் மீசை முளைத்து வந்து அதை வாங்கிப் போனான். தம்பிக்குக் கொடுக்கலாம் என்று போனான். தம்பிக்கும் பற்றவில்லை.

முன்னறைதான் கடை. ஒரு தையல் இயந்திரம், ஒரு வெட்டு மேஜை, சுவரை அடைத்துக்கொண்டு ஒரு மர அலமாரி. அலமாரியின் அடித்தட்டில் யாரும் வாங்க வராத பேன்ட்டுகள் கிடந்தன. தைத்து முடிப்பதற்குள் சிலர் ஊர் மாறிப் போயிருப்பார்கள், சிலர் கோபித்துக்கொண்டு போயிருப்பார்கள், சிலர் பெருத்துப் போயிருப்பார்கள். ஒவ்வொன்றின் இடுப்புப்பட்டிக்குள்ளும் ஒரு துண்டுத் துணியில் யாருடையது, இடுப்பு எவ்வளவு என்று எழுதித் தைத்திருப்பார். அந்த ஒழுங்கில் குறை சொல்ல முடியாது.

பின்னால் கொல்லை. நீளவாட்டில் பன்னிரண்டு எட்டு, அகலவாட்டில் ஆறு எட்டு. அது அவர் மனைவியின் ராஜ்யம். மிளகாய், தக்காளி, புதினா, ஒரு எலுமிச்சை, மூலையில் ஒரு வாழை, கால் வைக்கிற இடமெல்லாம் தொட்டி. மாஸ்டர் அங்கே முகம் கழுவப் போவார், வருவார். எது செடி, எது களை என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நாளைக்கு நேரம் இருக்கும் என்று நினைத்திருந்தார்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பாசி பிடித்திருந்தது. "அதைக் கொஞ்சம் சுரண்டி விடுங்க" என்று அவர் மனைவி மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு மாஸ்டர் என்ன பதில் சொன்னார் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. ஒரு காலையில் அந்த அம்மா வாளியோடு வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் தகடு வைத்தார்கள். மூன்று வாரம் இங்கேயே இருக்கட்டும், நடையைப் பிறகு பழகலாம் என்றார்கள்.

மகன் டைல்ஸ் கடையில் வேலை பார்க்கிறவன். வேறு வீட்டில் குடியிருக்கிறான், ஞாயிறுதோறும் வருவான். அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே முடிவு கட்டிவிட்டான்.

"கொல்லை முழுக்க கான்கிரீட் போட்டு, மேல சொரசொரப்பு டைல்ஸ் ஒட்டிடலாம். கொத்தனார்கிட்ட பேசிட்டேன். அம்மா வீட்டுக்கு வர்றதுக்குள்ள வேலை முடிஞ்சிடும்."

"எலுமிச்சை?" என்றார் அம்மா.

"எலுமிச்சம்பழம் கடையில கிடைக்கும்மா."

அந்த அம்மா அழவில்லை. புருஷனைப் பார்த்தார். "என்னங்க, நான் உங்ககிட்ட இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல."

இது உண்மை இல்லை. மகன் பிறந்த வருஷம் ஒரு ரவிக்கை கேட்டிருந்தார். அது இன்னும் மேஜைக்கு வரவில்லை. மாஸ்டர் அதை நினைவுபடுத்தவில்லை.

"நான் வீடு வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்த இடத்த வழுக்காம பண்ணுங்க. செடி ஒண்ணும் சாகக் கூடாது. அப்புறம் ஒரு மாசம் ஜன்னல் பக்கத்துல படுத்துக்கிட்டு அதைத்தான் நான் பார்க்கணும். வாழ்க்கையில ஒரே ஒரு தடவை, சொன்ன தேதியில ஒரு வேலைய முடிச்சுக் குடுங்க."

மகன் சிரித்தான். "சரிம்மா. ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கிறேன். சொட்டுத் தண்ணி நின்னா, துளி பாசி இருந்தா, திங்கட்கிழமை கொத்தனார் வந்துடுவார்."

வார்த்தை கொடுத்தாகிவிட்டது. மறுநாள் காலையில் மாஸ்டர் துணி வெட்டும் கத்தரியோடு கொல்லைக்குப் போனார். எல்லாம் ஏறுக்குமாறாக வளர்ந்திருந்தது கண்ணை உறுத்தியது. அளவுக் கயிற்றைச் சுவரில் கட்டி, எலுமிச்சையும் வாழையும் தவிர அத்தனை செடியையும் ஒரே உயரத்துக்கு மட்டமாக வெட்டிவிட்டார். வேலை சுத்தமாக இருந்தது. திருப்தியோடு மனைவிக்குப் போன் போட்டார்.

"தக்காளி என்ன உசரம்?" என்றார் மனைவி.

"எல்லாமே முட்டி உசரம்தான். ஒரு நூல் கூடக் குறைய இல்ல."

போனில் ஆஸ்பத்திரி மின்விசிறி சுற்றுவது கேட்டது.

"தலையைக் கொய்துட்டீங்களா? தக்காளிக்குத் தண்டும் இலைக்காம்பும் சேர்ற இடத்துல, அக்குள் மாதிரி ஒரு இடம் இருக்கும். அதுல கிளம்புற குட்டிக் கிளையத்தான் கிள்ளணும். உங்களுக்கு அக்குள் தெரியும்ல?"

"அக்குள் தெரியாமயா இத்தனை வருஷம் சட்டை தைக்கிறேன்?"

"அப்போ அதை மட்டும் எடுங்க. கழுத்தை வெட்டாதீங்க."

அன்றிலிருந்து தினமும் காலையில் அந்த அம்மா போனில் பாடம் சொன்னார், தையல்காரருக்குப் புரிகிற மாதிரியே சொன்னார். மண்ணுக்குள் ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரைக்கும் விட வேண்டும், அங்கே ஈரம் இருந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. மேல்மண் காய்ந்திருக்கிறதே என்று இரக்கப்பட்டு ஊற்றுகிறவர்கள்தான் முக்கால்வாசிச் செடியைக் கொல்லுகிறார்கள். மாஸ்டர் முதலில் விரலை விட்டார், பிறகு மேஜையிலிருந்து அளக்கிற அடிக்குச்சியை எடுத்துக்கொண்டு போனார். மனைவிக்கு அது பிடிக்கவில்லை. "விரலையே விடுங்க. குச்சிக்கு என்ன தெரியும்?" என்றார். தலை போன தக்காளிக்குச் சருகை அடியில் பரப்பி, ஒரு வாரம் வெயில் படாமல் பழைய வேட்டியால் பந்தல் போடச் சொன்னார். மாஸ்டர் பந்தலுக்கு நாலு ஓரமும் மடித்துத் தைத்து, மூலைக்கு மூலை பட்டனுக்குப் போடுகிற மாதிரி காஜா ஓட்டை எடுத்துக் கயிறு கோத்தார். ஒன்பதாம் நாள் தக்காளியில் பக்கத்துக்கு ஒன்றாகப் புதுத் தளிர் வந்தது. வெட்டினவரை மன்னித்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம், தக்காளியின் சுபாவமே அப்படி.

பாசிக்கு வருவோம். பாசியைச் சுரண்டினால் போய்விடும் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். பாசி என்பது காய்ச்சல் மாதிரி. நோய் வேறு இடத்தில் இருக்கும். எங்கேயோ தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். மாஸ்டர் முதலில் ப்ளீச்சிங் பவுடர் தூவி, அரைமணி நேரம் ஊறவிட்டு, தென்னந்துடைப்பத்தின் அடிக்கட்டையால் தேய்த்தார். தேய்த்த தண்ணீரைச் செடிப்பக்கம் விடாமல் தகர முறத்தில் வாரிச் சாக்கடையில் கொட்டினார். அது மனைவி சொன்னது. நாலாம் நாள் பாசி மறுபடி பச்சை காட்டியது.

அடுத்தது அவரே யோசித்தது. ஒரு வாளித் தண்ணீரைக் கொல்லை முழுக்கக் கொட்டிவிட்டு, ஒரு பேன்ட்டுக்குப் பட்டன் வைக்கிற நேரம் காத்திருந்தார். தண்ணீர் எங்கெல்லாம் நின்றதோ அங்கெல்லாம் தையல் சாக்பீஸால் கோடு போட்டார். மூன்று பள்ளம் இருந்தது. பெரிய பள்ளம் துவைக்கிற கல்லின் காலடியில். இந்த வீட்டுக்கு வந்த பதினெட்டு வருஷமாக அந்த அம்மா அங்கே நின்றுதான் துவைத்திருக்கிறார். மாஸ்டர் அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் மண்வெட்டி எடுக்கப் போனார்.

நடக்கிற பாதைக்கு அரைச்சாண் மண்ணைத் தோண்டி எடுத்தார். உடைகல்லைப் பரப்பி மிதித்தார். அதன்மேல் நாலு விரல் கனத்துக்கு மணல். அதன்மேல் செங்கல். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் மணலையே கூட்டித் தள்ளினார். சிமெண்டு தொடவில்லை, தொட்டால் தண்ணீர் கீழே இறங்காது. பாதை முழுக்க வீட்டுச் சுவரிலிருந்து வாழைப்பக்கமாக ஆறடிக்கு ஓர் அங்குலம் சரிவு. சட்டைக்குத் தோள் இறக்கம் கொடுத்த கைக்கு அது பெரிய விஷயம் இல்லை. வாழை எவ்வளவு துவைத்த தண்ணீர் வந்தாலும் குடிக்கும். பாதையோரம் கைபிடித்து நடக்க, நாலு கம்பு நட்டு, பெல்ட்டுக்கு வாங்கி வைத்திருந்த பட்டைநாடாவை இரண்டு மடிப்பாகத் தைத்துக் கட்டினார். யானை இழுத்தாலும் வராது.

தொட்டிகள்தான் மிச்சம். பாதை போடும்போது அவற்றை மூலைக்கு இழுத்துத் தள்ளியிருந்தார். சுவரோரம் தூக்கி வைக்கப் போய் ஒன்பது உடைந்தன. மண் தொட்டியை விளிம்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது, அடியில் கை கொடுக்க வேண்டும். அது அவருக்கு ஒன்பதாவது உடைந்தபோது தெரிந்தது. வேரோடு ஒன்பது செடி தரையில் கிடந்தன. தேதிக்குப் பதினொரு நாள் இருந்தது. மாஸ்டர் முன்னறைக்குப் போய் அலமாரியின் அடித்தட்டைத் திறந்தார்.

ஒன்பது பேன்ட்டை எண்ணி எடுத்தார். எல்லாம் கெட்டித் துணி. இரண்டு வருஷமாகக் கேட்டு வராதவன் இனி வர மாட்டான் என்பது அவர் கணக்கு. பேன்ட் காலின் அடிவாயைத் தைத்து மூடினார், குதிகாலில் தண்ணீர் வடிய ஓட்டை விட்டார். உள்ளே பிளாஸ்டிக் சாக்கு வைத்தார், அதிலும் அதே இடத்தில் ஓட்டை, இல்லாவிட்டால் வேர் அழுகும், துணியும் இற்றுப்போகும். பாதத்தில் கனத்துக்கு உடைந்த தொட்டி ஓடு, முழங்கால் வரைக்கும் சருகு, அதற்கு மேலே ஒரு கூடை மண், ஒரு கூடை மக்கின குப்பை, அரைக்கூடை மணல் கலந்து இடுப்பு வரைக்கும். ஒவ்வொன்றையும் இரண்டு செங்கல்மேல் நிறுத்தி, சுவரோடு ஒரு கம்பி இழுத்து, பெல்ட் மாட்டுகிற வளையத்தில் கோத்துவிட்டார். இடுப்புக்கு மேலே செடி. பைகளில் புதினாவும் கொத்தமல்லியும்.

இடுப்புப்பட்டிக்குள் இருந்த துண்டுத் துணிகளை அவர் பிரிக்கவில்லை. தைத்ததைப் பிரிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்தது. மாஸ்டர் கொல்லைப்படியில் உட்கார்ந்து, செய்ய ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று தேடினார். இல்லை. இப்படி ஒரு நிலைமை அவருக்கு முன்பின் வந்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் சீக்கிரம் படுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவைத் தூக்கி வந்து ஜன்னலோரக் கட்டிலில் சாய்த்து உட்கார வைத்தார்கள். அவர் வெளியே பார்த்தார். சுவரோரம் ஒன்பது பேர் இடுப்புக்கு மேலே ஆள் இல்லாமல் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

"யாருங்க இத்தனை பேரு?"

"வாங்க வராதவங்க" என்றார் மாஸ்டர்.

அந்த அம்மா ஒவ்வொரு செடியாக எண்ணினார். எலுமிச்சை, வாழை, தக்காளி. தக்காளியில் அவர் கண் கொஞ்சம் நின்றது. "குட்டையா இருக்கு" என்றார். "ஆனா இருக்கு."

மகன் இரண்டு வாளித் தண்ணீரைக் கொட்டினான். செருப்பைக் கழற்றிவிட்டு ஈரப் பாதையில் குதிகாலால் தேய்த்து நடந்தான். திரும்பி நடந்தான். நாடாவைப் பிடித்து இழுத்தான். தண்ணீர் வாழைக்குப் போய்விட்டது. அவன் முகம் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று யோசித்தது.

"நல்லாத்தான்ப்பா இருக்கு. ஆனா டைல்ஸ் வந்து இறங்கிடுச்சு. கொத்தனார் நாளைக்கு வர்றார்."

"தண்ணி நின்னுதா?"

"இன்னைக்கு நிக்கல. பாசி வாராவாரம் தேய்க்கணும். மணல் போகப் போகத் தள்ளணும். நீங்க செய்வீங்களா? நாளைக்கு நாளைக்குன்னு விட்டுடுவீங்க. மூணு மாசத்துல அம்மா மறுபடி விழுவாங்க. நான் உங்களை நம்பலப்பா, அவ்வளவுதான்."

முப்பது வருஷம் அவன் பக்கம் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் கொத்தனார் வந்தார். நல்ல கட்டை உடம்பு, கையில் கரண்டியும் மட்டக்கோலும். மகன் லீவு போட்டுவிட்டு முன்னால் நின்றான். கொத்தனார் கொல்லைக்குள் இரண்டடி வைத்தார், நின்றார். சுவரோரம் மூன்றாவதாக நின்றவரின் அருகில் போனார்.

"மாஸ்டர், இது என் பேன்ட்."

"எது?"

"மிளகா நிக்குதே, அது."

"காப்பிக் கலர் பேன்ட் ஊருல நூறு பேர் வச்சிருக்காங்க கொத்தனாரே."

"தொடையில அளவு டேப்புக்குத் தனியாப் பை எவன் வச்சிருக்கான்? அதுல புதினா வச்சிருக்கீங்க."

கொத்தனார் இடுப்புப்பட்டியை வெளியே புரட்டினார். மாஸ்டரின் சொந்தக் கையெழுத்தில் 'கொத்தனார், முப்பத்திரண்டு' என்று இருந்தது.

"என் தங்கச்சி கல்யாணத்துக்குக் குடுத்தது. இப்ப அவ பையன் பள்ளிக்கூடம் போறான்."

"நல்லா இருக்கானா?"

"நல்லா இருக்கான்."

கொத்தனார் கரண்டியைத் தரையில் வைத்துவிட்டு டைல்ஸ் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

"என் பேன்ட் கைக்கு வராம நான் இந்த வீட்டுல கரண்டியத் தொட மாட்டேன்."

"அண்ணே, நான் கடையில புதுசா ஒண்ணு வாங்கித் தர்றேன்" என்றான் மகன்.

"கடையில வாங்க எனக்குத் தெரியாதா தம்பி? ரெண்டு வருஷம் இந்த வாசலுக்கு நடந்து நடந்து, மூணாவது வருஷம் விட்டுட்டேன். அந்த நடைக்கு என்ன பதில்? மாஸ்டர் கையால தைச்சு மாஸ்டர் கையால குடுக்கணும்."

ஜன்னலிலிருந்து அந்த அம்மா குரல் கொடுத்தார். "தம்பி, அந்த மிளகா பூ விட்டிருக்கு. இப்பப் பிடுங்கினா பூவெல்லாம் கொட்டிடும். பேன்ட்டும் இனிமே போட்டுக்கிற மாதிரி இல்ல. என்னங்க, பார்த்துக்கிட்டே நிக்கிறீங்களே, அவருக்கு அளவெடுங்க."

மாஸ்டர் கழுத்திலிருந்த டேப்பை எடுத்துக் கொத்தனாரின் இடுப்பைச் சுற்றினார். முப்பத்தெட்டு. அந்தப் பழைய பேன்ட்டில் இனி மிளகாய்ச் செடிதான் போகும். இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டார்கள்.

"அதே கலர் துணி அலமாரியில இருக்கு. வியாழக்கிழமை வாங்க" என்றார் மாஸ்டர்.

"கிழமையா? உங்க வாயில கிழமை வந்து இப்பத்தான் கேக்கிறேன்."

கொத்தனாருக்கு முன்பணம் கொடுத்துவிட்ட மகன் தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான். கொத்தனார் போகிற போக்கில் ஒரு குவளைத் தண்ணீரைப் பாதையில் ஊற்றி, அது ஓடுவதை வாழை வரைக்கும் பார்த்தார்.

"தண்ணி வாட்டம் யார் பார்த்தது?"

"நான்தான்."

"ம்." ஒரு செங்கல்லைக் கால் கட்டைவிரலால் அழுத்தினார். "இது ஆடுது. அடியில மணல் போடுங்க."

மாஸ்டர் அன்றைக்கே அந்தக் கல்லைப் பெயர்த்து மணல் போட்டார். செவ்வாய்க்கிழமை துணி வெட்டினார். புதன்கிழமை தைத்தார். டேப்புக்குத் தொடையில் பை, பைக்கு மூடி. கொக்கி வைக்கிற வேலையை அந்த அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடியே செய்தார். சாயங்காலம் பேன்ட் இஸ்திரி போட்டு மேஜைமேல் இருந்தது. வியாழனுக்கு இன்னும் ஒரு ராத்திரி பாக்கி.

அந்த அம்மா மடிப்பைத் தடவிப் பார்த்தார். "சொன்ன தேதியில முடிச்சுட்டீங்க."

"முடிச்சுட்டேன்."

"நாளைக்குக் குடுத்துட்டா நாளன்னைக்குக் கரண்டியோட வந்துடுவாரு."

மாஸ்டர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். எலுமிச்சை நின்றுகொண்டிருந்தது. ஒன்பது பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். மிளகாயில் ஒரு பூ உதிர்ந்து, அங்கே குண்டூசித் தலை அளவுக்குப் பச்சையாக ஒன்று வந்திருந்தது. அவர் பேன்ட்டை எடுத்து, அலமாரியின் மேல்தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினார்.

வியாழக்கிழமை காலையில் கொத்தனார் வாசலில் நின்றார். "மாஸ்டர்?"

மாஸ்டர் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நாளைக்கு வாங்க."

முப்பது வருஷத்தில் அவர் அறிந்து சொன்ன முதல் பொய் அது. காது சிவந்துவிட்டது.

கொத்தனார் அலமாரியைப் பார்த்தார். கதவிடுக்கில் காப்பிக் கலரில் அரை விரல் அகலம் துணி நீட்டிக்கொண்டிருந்தது. மாஸ்டரைப் பார்த்தார். ஜன்னலோரம் கட்டிலில் இருந்த அம்மாவைப் பார்த்தார். "சரி, நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டு நேரே கொல்லைக்குப் போய், அந்தக் கல் ஆடுகிறதா என்று மிதித்துப் பார்த்துவிட்டு, தொடைப் பையிலிருந்து ஒரு கொத்துப் புதினா கிள்ளிக்கொண்டு போனார். பை அவருடையதுதானே.

அதற்குப் பிறகு அவர் வியாழக்கிழமைதோறும் வந்தார். மாஸ்டர் சனிக்கிழமைதோறும் பாதையைத் தேய்த்து மணல் தள்ளினார், ஞாயிற்றுக்கிழமை மகன் வாளியோடு வருவான் என்பதால். நாலாவது ஞாயிறு அவன் வாளியை எடுக்கவில்லை. டைல்ஸ் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக் கடைக்கே திருப்பிக் கொண்டுபோனான். போகும்போது வாசலில் நின்று கேட்டான்.

"அப்பா, கொத்தனார் பேன்ட் என்னாச்சு?"

"நாளைக்குக் குடுத்துடலாம்" என்றார் மாஸ்டர்.

கொல்லையில் அந்த அம்மா நாடாவைப் பிடித்துக்கொண்டு தன் முதல் பத்தடியை வைத்துக்கொண்டிருந்தார். தக்காளி வரைக்கும் போய், குனிய முடியாமல், அவரைக் கூப்பிட்டார். "என்னங்க, இங்க அக்குள்ல ஒண்ணு கிளம்பியிருக்கு. வந்து கிள்ளுங்க. நாளைக்கு இல்ல, இப்ப."

மாஸ்டர் எழுந்து போனார்.